பொட்டுவின் எடைக் கணக்கு

ஜூன் 4
மழைநீர்க் குழாய்க்குள் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டி பொட்டுவை எடுத்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. வந்த அன்று 620 கிராம், போன வாரம் 1,050. இன்று காலை தராசு 1,010 காட்டியது. இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன், அதே 1,010. வளர்கிற குட்டிக்கு எடை குறையக் கூடாது. கிண்ணத்தை முகர்ந்ததோடு சரி, அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 6
காய்ச்சல் 104.3. பூனைகளுக்கு 102.5 வரை இயல்புதானாம், ஆனால் இது அதிகம். பேன்லூக்கோபீனியா (குட்டிகளைத் தாக்கும் கடுமையான வைரஸ் நோய்) பரிசோதனை செய்தார்கள், இல்லை. ஆன்டிபயாட்டிக் போட்டு அனுப்பினார் டாக்டர்.

ஜூன் 10
நான்கு நாள் மருந்துக்கும் காய்ச்சல் அசையவில்லை. சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறேன், பாதி என் மடியில்தான் விழுகிறது. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. குடற்புழுவுக்கு மருந்து ஏற்கெனவே கொடுத்தாயிற்று. என்ன நோய் என்று தெரிந்தால் அதோடு மல்லுக்கட்டலாம், பெயரே தெரியாமல் இரவு முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 13
ஸ்கேனில் வயிறு நிறைய நீர். டாக்டர் ஊசியால் கொஞ்சம் எடுத்துக் காட்டினார், வைக்கோல் மஞ்சளில், முட்டை வெள்ளைக்கரு போலப் பிசுபிசுப்பாக. அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் அதில் ஒரு துளியை விட்டார். கரையவில்லை. ஜெல்லி போல உருண்டபடி மெதுவாக இறங்கியது. அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களின் விகிதமும் 0.4க்குக் கீழே, காய்ச்சலும் மருந்துக்கு அடங்கவில்லை, எல்லாம் சேர்ந்து எஃப்ஐபி (பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய்) என்கிறார்.

பல பூனைகளின் குடலில் சாதாரணமாக இருக்கும் கொரோனா வைரஸ் (மனிதர்களுக்கு வந்த கோவிட் அல்ல, இது வேறு) சில குட்டிகளின் உடம்புக்குள்ளேயே உருமாறி, வெள்ளணுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. இன்னொன்றும் சொன்னார்: தராசு காட்டுவதில் வயிற்று நீரின் எடையும் இருக்கிறது. அப்படியென்றால் என் குட்டி நான் நினைத்ததைவிட அதிகமாகவே இளைத்திருக்கிறாள். வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஜூன் 14
மருந்து தொடங்கியாயிற்று. பெயர் ஜிஎஸ்-441524. சில வருடங்களுக்கு முன்பு வரை இந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 31 பூனைகளுக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள், மறுபடி நோய் திரும்பியவற்றுக்குத் திரும்பவும் கொடுத்து, கடைசியில் 25 பிழைத்திருக்கின்றன. நேற்றிரவிலிருந்து அந்த 25ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 84 நாள், தினமும் ஒரே நேரத்தில்.

ஜூன் 16
101.8!! காலையில் தானாகவே கிண்ணத்துக்கு வந்தாள். நாலு வாய்தான். பரவாயில்லை, நாலு வாய்.

ஜூன் 23
வயிறு நன்றாக வற்றிவிட்டது, அப்படியும் எடை 1,030. இது முழுக்க அவளுடைய எடை. எடை ஏற ஏற மருந்தின் அளவையும் டாக்டர் கூட்ட வேண்டும், பழைய அளவிலேயே விட்டால் நோய் திரும்பலாம். அதனால் வாரம் ஒரு முறை கட்டாயம் நிறுக்கிறேன். (உண்மையில் தினமும் நிறுக்கிறேன்.) மாத்திரையைத்தான் துப்புகிறாள். தொண்டைக்குப் பக்கத்தில் நாக்கின் மேல் வைத்து, வாயை மூடி, கழுத்தைத் தடவினால் விழுங்கிவிடுகிறாள்.

ஜூலை 7
24ஆம் நாள். ரத்தப் பரிசோதனையில் அந்தப் புரத விகிதம் ஏறியிருக்கிறது, நல்ல அறிகுறி. நோய் மூளைக்கும் கண்ணுக்கும் போகலாம் என்பதால் நடை தள்ளாடுகிறதா, கண் கலங்குகிறதா என்று தினமும் பார்க்கிறேன், இதுவரை இல்லை. செப்டம்பர் 5 கடைசி மாத்திரை, அதற்கப்புறம் இன்னும் 84 நாள் கண்காணிப்பு. இன்று நிறுக்கத் தூக்குவதற்குள் அவளே தாவித் தராசில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். 1,220.