திரையில் தெரியாத இதயம்

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, கேத் லேப்பில், அதாவது இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், மேசையில் படுத்தபடியே பக்கத்துத் திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இதுல என் நெஞ்சு எங்க கீது?" என்று கேட்டார். வேலூரில் நான் தொழில்நுட்பராகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒரு மெல்லிய கம்பியும் மட்டுமே தெளிவாகத் தெரிந்த அந்தத் திரையில், அவருடைய இதயம் வெறும் மங்கல் நிழல். "கொஞ்சம் அசையாம படுங்கம்மா" என்று சமாளித்தேன்.

சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அவருக்கு இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்திப் பலூனால் அதை விரிக்க வேண்டும். வால்வு இருப்பதோ இடப்பக்கம். சிரை வழி போய்ச் சேருவதோ வலப்பக்கம். ஆகவே இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரின் மெல்லிய குழியில் ஊசியால் துளையிட்டாக வேண்டும். முன்பக்கம் பெருந்தமனி, பின்பக்கம் மேலறையின் புறச்சுவர். ஊசி சிறிது விலகினாலும் இரத்தம் இதய உறைக்குள் கசிந்து இதயத்தையே அழுத்திவிடும். எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், சுவர் தெரியாது. ஒலியலைகளால் படமெடுக்கும் எக்கோவில் சுவர் தெரியும். ஆனால் ஊசியின் முனை எது, தண்டு எது என்று பிரித்தறிவது கடினம். இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்து மனத்துக்குள் ஒன்றுசேர்ப்பது மருத்துவரின் வேலையாக இருந்தது.

அந்த இணைப்பைக் கணினியிடம் ஒப்படைப்பதுதான் படிம இணைப்பு. உணவுக்குழாய் வழியாக இறக்கும் எக்கோ கருவியின் முனை எக்ஸ்ரேயிலும் தெரியும் என்பதைப் பயன்படுத்தி, அது எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிட்டு, இரண்டு படங்களையும் ஒரே திசையில் நிறுத்துகிறது. எக்ஸ்ரே கருவியைத் தாங்கும் சி-ஆர்ம் என்ற வளைவைச் சுழற்றினால் எக்கோ படமும் கூடவே சுழலும். துளையிட வேண்டிய இடத்தை எக்கோவில் குறித்தால் அந்தப் புள்ளி எக்ஸ்ரே திரையிலும் தோன்றும். வழி தேடுவதற்கான எக்ஸ்ரே நேரமும், எக்ஸ்ரேயில் உட்பகுதிகள் தெரிவதற்காகச் செலுத்தும் அயோடின் கலந்த சாயமும் குறைய வாய்ப்புண்டு. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்தச் சாயம் சிறிய விஷயமன்று.

1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற மருத்துவர் தன் கைச் சிரை வழியாகவே குழாயை இதயத்துக்குச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய் அதை உறுதிசெய்தார். (இன்று எந்த மருத்துவமனையிலும் அவர் வேலையில் நீடித்திருக்க மாட்டார். ஆனால் 1956இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.) அவருக்குக் குழாய் தெரிந்தால் போதுமாக இருந்தது. நமக்குச் சுவரும் தெரிய வேண்டியிருக்கிறது.

முன்கூட்டி எடுத்த சி.டி. படத்தை எக்ஸ்ரேயின் மேல் படியவைக்கும் முறையும் உண்டு. வடிவம் அழகாகத் தெரியும். எனக்கு அதன்மேல் சற்று அவநம்பிக்கை. அது நேற்றைய இதயம். நோயாளி ஆழமாக மூச்சிழுத்தாலோ, மேசையில் சற்று நகர்ந்தாலோ, சி.டி.யிலிருந்து படியவைத்த வண்ணக்கோடு ஓரிடத்திலும் உண்மையான சுவர் வேறிடத்திலும் இருக்கும். கோடு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக அதை நம்பிவிடுகிறோம். எனவே துளையிடும் கணத்தில் நேரடி எக்கோவே முடிவு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அம்மா இன்று வந்தால் திரையில் அவருடைய இதயத்தைக் காட்ட முடியும். ஆனால் உணவுக்குழாய் எக்கோவுக்காக மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். பார்க்க அவர் விழித்திருக்க மாட்டார்.