மட்டிச் சோதனை: ஒரு குவளைத் தண்ணீருக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட படகு

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டிப் பிரச்சினையை விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில், படகில் ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி பரவும் கோல்டன் மஸ்ஸல் என்ற சிறு மட்டியைக் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்காவில் அது தென்பட்டது அதுதான் முதல் முறை. அடுத்த வசந்தத்துக்குள் சுற்றியுள்ள ஏரிகள் பலவும் புது விதி போட்டுவிட்டன. என் படகோ பல வருடமாக ஸ்டாக்டன் இருக்கிற அந்த ஆற்று டெல்டாவிலேயே ஓடியது. சோதனைக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது இப்படிப்பட்ட படகைத்தான்.

மலைப்பக்கம் உள்ள ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போக நினைத்து முன்கூட்டியே போன் செய்து கேட்டேன். "கழுவி, தண்ணீரை வடித்து, காயவைத்துக் கொண்டு வாருங்கள், போதும்" என்றார் பேசியவர். சீல் (படகையும் டிரெய்லரையும் சேர்த்துக் கட்டும் கம்பி முத்திரை) பற்றியோ காத்திருப்பு பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நம்பி விடியுமுன் கிளம்பினோம். மச்சான் இதற்காகவே லீவு போட்டு வந்திருந்தார்.

சோதனை செய்தவர் ஓர் இளம்பெண். பொறுமையாகத்தான் பார்த்தார். படகின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். புதிதாக ஒட்டிய குஞ்சு மட்டிகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கு உப்புத்தாள் போல நறநறவென்று படும் என்றார். எங்கும் அப்படி எதுவும் இல்லை. மீன் தொட்டியும் அடிப்பள்ளமும் உலர்ந்திருந்தன. அப்புறம், "மோட்டாரை முழுக்கக் கீழே இறக்குங்கள்" என்றார். இறக்கியதும் அதன் அடியிலிருந்து நூல் போலத் தண்ணீர் ஒழுகி, காய்ந்த சிமெண்ட் தரையில் தட்டளவுக்குப் பரவியது. மொத்தம் ஒரு குவளை இருந்தால் அதிகம்.

முந்தின நாள்தான் சர்வீஸ் கடையில் ஹோஸ் மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்த்து, மோட்டாரைத் தூக்கிய நிலையிலேயே திருப்பித் தந்திருந்தார்கள். வந்தது வெறும் குழாய்த் தண்ணீர். ஆனால் குழாய்த் தண்ணீர் எது, டெல்டா தண்ணீர் எது என்று கண்ணால் பார்த்து யார் சொல்ல முடியும்? மட்டியின் இளம் உயிரிகள் நுண்ணோக்கியில்தான் தெரியும். அந்தப் பெண் திருப்பி அனுப்பியது நியாயம். 2007 ஜனவரியில், ஹூவர் அணை தேக்கும் மீட் ஏரியில் குவாகா என்ற இன்னொரு வகை மட்டியைக் கண்டுபிடித்தார்கள். அணையின் குளிர்விப்புக் குழாய்களுக்கே அது தலைவலியாகிவிட்டது. அவ்வளவு பெரிய ஏரியில் ஒருமுறை புகுந்துவிட்டால் அதை ஒழிக்க வழியே இல்லை. நம் ஏரிகளுக்கும் அந்தக் கதி வரவேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது அடுத்த தகவலில். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்திருந்தாலும் அன்றைக்கு விட்டிருக்க மாட்டார்களாம். முதலில் சோதித்து சீல் போட வேண்டும், பிறகு 30 நாள் படகு தண்ணீரைத் தொடாமல் இருக்க வேண்டும். போனில் பேசியவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். அதனால் போனில் கேட்கிறவர்கள் "படகு காய்ந்திருந்தால் போதுமா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கே தண்ணீரில் இறக்க விடுவீர்களா, சீல் வேண்டுமா, எத்தனை நாள்?" என்று கேளுங்கள்.

அடுத்த சோதனைக்கு முன் மோட்டாரை இரண்டு நாள் கீழே இறக்கியே வைத்திருந்தேன். எஞ்சின் உள்ளே சுழலும் தண்ணீர் அப்போதுதான் முழுக்க வடியும். அடி பிளக்கைக் கழற்றி, படகின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, மூலையில் தேங்கியதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். பலர் கோட்டைவிடுவது டிரெய்லரில். படகு உட்காரும் பலகைகளில் சுற்றிய கார்ப்பெட் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் ஈரம் கசியும். நங்கூரக் கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். பேலஸ்ட் தொட்டி (எடைக்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டி) உள்ள படகு என்றால் துடைத்து மாளாது. சுடுதண்ணீர்க் கழுவலுக்கே போய்விடுங்கள். வெளிப்பக்கத்துக்கு 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடிப்பார்கள். தாஹோ ஏரியில் 2025 முதல், அவர்களுடைய சீல் அறுபடாமல் இருக்கிற படகுகள் தவிர மற்ற மோட்டார் படகுகளுக்கு அந்தக் கழுவல் கட்டாயம்.

இந்த முறை சொட்டுகூட விழவில்லை. படகையும் டிரெய்லரையும் சேர்த்துக் கம்பி கட்டி, எண் போட்ட சீலை மாட்டினார்கள்.

30 நாள் கழித்துப் போனால் வாசலில் இன்னொரு சிக்கல். ரசீதில் சீல் எண் இருக்கிறது, தேதி இல்லை. எழுதிக் கொடுத்தவர் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறார். "தேதி இல்லாமல் நாளை எப்படிக் கணக்குப் பண்ணுவது?" என்றார் வாசலில் இருந்தவர். நல்லவேளை, சீல் போட்ட அன்றே எண் தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். படத்தில் தேதி, நேரம் எல்லாம் இருந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தங்கள் பதிவேட்டைப் புரட்டினார், இரண்டும் ஒத்துப்போனது. அவரே குறட்டால் கம்பியை வெட்டிவிட்டு "போங்கள்" என்றார். மச்சான் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

கம்பியை நீங்களாக வெட்டிவிடாதீர்கள். நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது கூட்டமாக இருந்தாலும் வரிசையில் நின்று மறுபடி சீல் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கம்பி அறுபடாமல் இருந்தால் அதே ஏரிக்கு அடுத்த முறை போகும்போது 30 நாள் காத்திருப்பு இல்லை. ரசீதில் தேதி எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.