எழும்பும் நேரம்

ஜூன் 11
விடிந்ததும் பிள்ளைக்கு மறுபடி. தலை குனிகிறது, இரண்டு கையும் வெடுக்கென்று விரிகிறது, கொஞ்சம் அமைதி, திரும்பவும். அத்தை இன்னும் உரம் விழுந்திருக்கு என்றே சொல்கிறார்கள். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தாயிற்று. அழுதான், அவ்வளவுதான்.

ஜூன் 12
வீடியோ எடுத்தேன். பாதிக்கு மேல் சுவர்.

ஜூன் 16
திருவனந்தபுரம் பஸ். குளத்துப்புழை தாண்டியும் தூக்கம். எழும்பும்போதுதான் வரும் என்பதால் எழும்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டே வந்தேன். பெற்ற பிள்ளை கண் விழிக்கக் கூடாது என்று வேண்டுகிற தாய்!

ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் டாக்டர் வீடியோவைப் பார்த்தார், அப்புறம் சட்டையைக் கழற்றச் சொன்னார். வலிப்புக்கு எதற்குச் சட்டை? அறையை இருட்டாக்கி ஊதா விளக்கு அடித்தார்கள். ஊரில் ஒரு டாக்டர் தேமல் என்று களிம்பு கொடுத்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஒரு முனை உருண்டை, மறுமுனை கூர். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். மூளையில் கட்டிகளும் தோலில் வெள்ளைத் திட்டுகளும் வரும் பிறவி நோயாம். தோலும் மூளையும் கருவில் ஒரே அடுக்கிலிருந்துதான் உருவாகுமாம்.

ஜூன் 17
எக்கோவில் இதயத்திலும் சின்னக் கட்டிகள். வளர வளரப் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும் என்றார்கள். மூளையில் இருப்பது சுருங்காது. இதயத்தில் கட்டி என்றதும் ஆறுதலாக இருந்தது, என்ன பிழைப்பு இது.

ஜூன் 19
விகாபாட்ரின், வலிப்புக்கான மருந்து. 500 மில்லிகிராம் மாத்திரை, தண்ணீரில் கரைத்து சிரிஞ்சில் இழுத்துக் கடைவாயில் விட வேண்டும். பாதியைத் துப்பினால் எவ்வளவு திரும்பக் கொடுப்பது? ஓரப் பார்வையைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தார் டாக்டர். "கண்ண எடுக்கிற மருந்தையா குடுக்கப் போற?" என்றார்கள் அத்தை. நியாயமான கேள்விதான். ஆனால் அவன் சிரித்து நாளாகிறது. இந்த வலிப்பு நிற்காவிட்டால் கற்றது ஒவ்வொன்றாகப் போய்விடும்.

ஜூன் 21
கேட்டே விட்டார்கள், யார் வீட்டு வழி என்று. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குப் பெற்றவர்களிடமிருந்து வருவதில்லை, ஜீன் புதிதாக மாறுவதால் வருவது என்றேன். "அப்போ மிச்சம் ஒரு பங்கு?" அத்தைக்குக் கணக்கு நன்றாக வரும்.

ஜூன் 22
வீட்டுக்காரர் தூங்கியதும் டார்ச் அடித்து மூக்கோரம் பார்த்தேன், இந்த நோய்க்கு வருகிற சிவந்த பரு மாதிரி ஏதும் உண்டா என்று. கால் நகங்களையும். பிறகு கண்ணாடியில் என்னை.

ஜூன் 24
வந்தது. குறைவு.

ஜூன் 25
வரவில்லை.

ஜூன் 26
எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூன் 29
சிரித்தான்! மின்விசிறியைப் பார்த்துத்தான், இருக்கட்டும்.

ஜூலை 2
நாளை போகும்போது எங்கள் இருவரையும் அந்த விளக்கில் பார்ப்பார்கள். அவர் கடைக்கு லீவு சொல்லவில்லை. கேட்டால் சாரல், வியாபாரம், ஆள் இல்லை. அவர் முதுகில், வலது தோளுக்குக் கீழே ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் கேட்டபோது தேமல் என்றார். ஒன்று இருந்தால் கணக்கில் வராது, ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் குறைந்தது மூன்று வேண்டும். இன்னும் இரண்டு எங்கே இருக்கும் என்று தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தை குளிப்பாட்டி வளர்த்த பிள்ளைதானே, அவர்களுக்குத் தெரியாமலா