ட்ரீ வியூவில் நிரல் (கோடு) வழியாக ஒரு நோடைத் தேர்ந்தெடுப்பது

லிஸ்ட் பாக்ஸ் என்றால் வரிசை எண்ணைக் கொடுத்தால் போதும். ட்ரீ வியூ என்பது கிளை கிளையாக விரியும் பட்டியல், அதன் ஒவ்வொரு உருப்படியும் ஒரு நோடு. அதில் மேல் கிளை மூடியிருந்தால் உள்ளே இருக்கும் நோடு திரையில் தெரியாது. சில டூல்கிட்டுகளில் (திரை அமைக்க உதவும் கருவித் தொகுப்புகளில்) அதற்கான கன்ட்ரோலே, அதாவது அதைத் திரையில் காட்டும் பகுதியே, இன்னும் உருவாகியிருக்காது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

டாட்நெட்டின் டூல்கிட்டான விண்டோஸ் ஃபார்ம்ஸ் எளிது. ‘செலக்டெட்நோடு’ பண்பில் நோடை வைத்தால், மேலுள்ள கிளைகளை அதுவே விரித்து, நோடு தெரியும்படி ஸ்க்ரோலும் செய்துவிடும். அப்படியும் தேர்வானது தெரியவில்லையா? ‘ஹைட்செலக்‌ஷன்’ இயல்பாகவே ட்ரூ. ஃபோகஸ் வேறு கன்ட்ரோலில் இருந்தால் நிறம் காட்டாது. அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ‘நோட்ஸ்.ஃபைண்ட்’ தேடுவது நோடின் ‘நேம்’ பண்பை, கண்ணில் படும் ‘டெக்ஸ்ட்’டை அல்ல. இதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

டாட்நெட்டின் இன்னொரு டூல்கிட்டான டபிள்யூபிஎஃப்தான் (விண்டோஸ் ப்ரசன்டேஷன் ஃபவுண்டேஷன்) படுத்தும். அங்கே ‘செலக்டெட்ஐட்டம்’ படிக்க மட்டுமே, எழுத முடியாது. ‘கன்டெய்னர்ஃப்ரம்ஐட்டம்’ கொண்டு ட்ரீவியூஐட்டத்தை, அதாவது நோடைத் திரையில் காட்டும் கன்டெய்னரை, பிடிக்கப் போனால் ‘நல்’ (வெறுமை) வரும். இரண்டு காரணங்கள்: அந்த மெத்தட் ஒரே ஒரு மட்டத்தில்தான் தேடும், மேல் கிளை ஒருமுறையாவது விரியாமல் உள் கன்டெய்னர்கள் பிறப்பதில்லை. வேரிலிருந்து ஒவ்வொரு மட்டமாக விரித்து, ‘அப்டேட்லேஅவுட்’ அழைத்து, அடுத்த மட்டத்துக்கு இறங்கலாம். ஓடும், ஆனால் அழகில்லை. வர்ச்சுவலைசேஷன் (திரையில் தெரிபவற்றுக்கு மட்டும் கன்டெய்னர் உருவாக்கும் முறை) ஆனில் இருந்தால் திரைக்கு வெளியே உள்ளவற்றுக்கு மறுபடியும் ‘நல்’தான். வியூமாடலில் (திரைக்கான தரவை வைத்திருக்கும் கிளாஸில்) ‘ஈஸ்செலக்டெட்’, ‘ஈஸ்எக்ஸ்பாண்டட்’ இரண்டையும் வைத்து, ‘ஐட்டம்கன்டெய்னர்ஸ்டைல்’ வழியாக இருவழி பைண்டிங் (ஒன்று மாறினால் மற்றதும் மாறும் இணைப்பு) கொடுப்பதே என் தேர்வு. பிறகு பெற்றோர் சங்கிலி முழுக்க ‘ஈஸ்எக்ஸ்பாண்டட்’டை ட்ரூ ஆக்கி, கடைசி நோடில் மட்டும் ‘ஈஸ்செலக்டெட்’டை மாற்றினால் போதும். ஸ்க்ரோல் வேண்டுமென்றால் ‘செலக்டெட்’ ஈவென்ட்டில் ‘பிரிங்இன்டுவியூ’ அழையுங்கள். அந்த ஈவென்ட் மேல் கிளைகளுக்கும் குமிழிட்டு ஏறும், அதனால் ‘ஒரிஜினல்சோர்ஸ்’ எது என்று பார்த்தே அழைக்க வேண்டும்.

ஜாவாவின் டூல்கிட்டான ஸ்விங்கில் ‘செட்செலக்‌ஷன்ரோ’வை நம்பாதீர்கள், அது விரிந்து நிற்கும் வரிகளை மட்டுமே எண்ணும், யாராவது ஒரு கிளையை மூடினால் எண் நகர்ந்துவிடும். வேரில் தொடங்கி நோடு வரை செல்லும் பாதையான ட்ரீபாத்தை ‘செட்செலக்‌ஷன்பாத்’துக்குக் கொடுங்கள். அந்தப் பாதையில் இருப்பவை மாடலில் உள்ள அதே ஆப்ஜெக்ட்டுகளாக இருக்க வேண்டும்: ஸ்விங்கின் நோடு கிளாஸான டிஃபால்ட்மியூட்டபிள்ட்ரீநோடு தனக்கென ‘ஈக்வல்ஸ்’ (இரண்டும் சமமா என்று பார்க்கும் மெத்தட்) எழுதிக்கொள்ளவில்லை, ஆகவே ஒரே பெயரில் புதிதாக உருவாக்கிய நோடு பொருந்தாது. கிளைகள் தாமாக விரியும், ஸ்க்ரோல் மட்டும் நடக்காது. அதற்கு ‘ஸ்க்ரோல்பாத்டுவிசிபிள்’ தனியாக வேண்டும்.