கொதிகலனிடம் மட்டும் இரக்கம் கூடாது

பெயர் தெரியாத யாரோ ஒருவர் பல பத்தாண்டுகளுக்கு முன் தம் வீட்டுப் பட்டறையில் செய்து முடித்த நீராவி ரயில் எஞ்சின் மாதிரி ஒன்றை ஏறக்குறைய முழுமையாகச் சீரமைத்துவிட்டேன். 3½ அங்குல அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும் ஆறு சக்கர எஞ்சின் அது. உண்மையான எஞ்சினில் பதினாறில் ஒரு பங்கு அளவு. நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஓட்டுபவரையும் சேர்த்து இழுத்துச் செல்லும் வலு அதற்கு உண்டு என்பதால் பொம்மை என்று அழைக்க மனம் வரவில்லை. வேலையைத் தொடங்கும்போது நான் வகுத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: நீராவியின் அழுத்தத்தைத் தாங்கும் உறுப்பில் பழமைக்கு எந்தச் சலுகையும் இல்லை, மற்ற எல்லா இடங்களிலும் செய்தவரின் கைவேலைக்கே முதல் மரியாதை.

வரைபடம் எதுவும் கூட வரவில்லை. ஆகவே ஒவ்வொரு உறுப்பையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, கழற்றிய பின் அளந்து எழுதிக்கொண்டேன். அப்படிச் செய்யும்போதுதான் முதல் கைவினைஞர் தமக்கென்று இட்டுக்கொண்ட குறிகள் தெரியவந்தன. இடப்பக்க உறுப்புகளில் ஒரு புள்ளியும் வலப்பக்க உறுப்புகளில் இரண்டு புள்ளிகளும் கண்ணில் படாத முகங்களில் குத்தப்பட்டிருந்தன. திருகுகள் அனைத்தும் பி.ஏ. எனப்படும் பழைய பிரிட்டிஷ் மரையில் அமைந்தவை. 0 பி.ஏ. திருகின் விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ.; எண் ஒவ்வொன்றாகக் கூடக் கூட இடைவெளி முந்தையதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துகொண்டே போகும். அதன் மரைக் கோணம் 47½ பாகை, மெட்ரிக் மரையினுடையதோ 60 பாகை. ஏறத்தாழ அதே தடிமனுள்ள மெட்ரிக் திருகு ஓரிரு சுற்று இலகுவாக ஏறிவிட்டு, அதன்பின் வெண்கலத்தில் அழகாக வெட்டப்பட்டிருக்கும் மரையைச் சிதைத்துவிடும். மரை வெட்டும் கருவிகளான டாப்பும் டையும் சரியான அளவில் கையில் இல்லாதவர் பழைய எஞ்சினைத் தொடாமலிருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொதிகலனைச் சுற்றியுள்ள மெல்லிய தகட்டுக்கு அடியில் சாம்பல் நிற நார்ப் பொதி இருந்தால், அது அஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டவோ காற்றடித்து ஊதவோ கூடாது. அதை முறையாக அகற்றத் தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பதே சரி.

இனிக் கொதிகலன். செம்புத் தகட்டில் செய்யப்பட்ட அது, வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்தது. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து உள்ளே படிந்திருந்த சுண்ணாம்புப் படிவத்தை நீக்கியபோது, நெருப்பறையைச் சுற்றியுள்ள தாங்குகம்பிகளின் (தகடுகள் அழுத்தத்தில் பிதுங்காமல் பிடித்துவைப்பவை) தலைகள் சாதாரண ஈயப் பற்றாசால் (உருக்கி ஊற்றி உலோகங்களை ஒட்டும் கலவை) அடைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இந்த எஞ்சினின் ஓட்ட அழுத்தமான சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ்; ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்றாசு 183 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். நெருப்பறையின் கூரையைத் தண்ணீர் மூடியிருக்கும்வரை அந்தச் சிறிய இடைவெளி போதும். ஓட்டுபவர் சற்றுக் கவனம் சிதறித் தண்ணீர் மட்டத்தை இறங்கவிட்டால், செம்பின் வெப்பம் விரைவாக ஏறி, மூட்டுகள் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும்.

பழைய மூட்டின்மேல் வெள்ளிப் பற்றாசு வைத்துப் பலப்படுத்தலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். ஈயம் தீண்டிய செம்பில் வெள்ளிப் பற்றாசு நம்பகமாக ஒட்டாது. ஒட்டியதுபோல் தோன்றினாலும் மூட்டு நொறுங்கும் தன்மையுடையதாக ஆகிவிடும். போதாக்குறைக்குப் பழைய வெள்ளிப் பற்றாசுகள் பலவற்றில் காட்மியம் கலந்திருக்கும். சூடாக்கினால் எழும் அதன் புகை நஞ்சு. ஆகவே பழைய கொதிகலனை ஓய்வுபெறச் செய்துவிட்டு, அதே வெளியளவுகளில் புதியது ஒன்றைக் கட்டினேன்.

காட்மியம் இல்லாத, 55 விழுக்காடு வெள்ளி கொண்ட பற்றாசு 630 முதல் 660 பாகைக்குள் உருகும்; செம்பு உருக 1085 பாகை வேண்டும். கேட்பதற்கு எளிதான வேலைபோல் இருக்கும். ஆனால் செம்பு வெப்பத்தை அந்த அளவு வேகமாகக் கடத்துவதால், ஒரு மூட்டை மட்டும் சூடாக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முழு உறுப்பையும் மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்தால்தான் பற்றாசு இணைப்புக்குள் தானாக ஓடி மறுபக்கம் எட்டிப்பார்க்கும். முதலில் நெருப்பறையும் குழாய்களும், பிறகு வெளிக்கூடு, கடைசியில் பின்தகடு என்று வரிசையாகச் செல்ல வேண்டும். முதல் கட்டங்களுக்குச் சற்று உயர்ந்த வெப்பத்தில் உருகும் கலவையைப் பயன்படுத்தினால், அடுத்த சூட்டில் பழைய மூட்டு நழுவும் அச்சம் இருக்காது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அமிலத்தில் ஊறவைத்து, கண்ணாடிபோல் இறுகிய ஃபிளக்ஸை (பற்றாசு ஓட உதவும் பூச்சு) முழுவதும் நீக்கிய பின்னரே மூட்டைப் பார்வையிட முடியும். குழாய்கள் வந்து இணையும் இடங்களில் பித்தளையைத் தவிர்த்து வெண்கலத்தையே வைத்தேன். சூடான நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்துபோய், பஞ்சுபோன்ற செம்பு மட்டும் எஞ்சிவிடும்.

சோதனை தண்ணீரால்தான். உள்ளிருக்கும் காற்றை முற்றிலும் வெளியேற்றிவிட்டு, கைப்பம்பால் ஓட்ட அழுத்தத்தைப் போல இருமடங்கு, அதாவது 160 பவுண்டுவரை ஏற்றி நிறுத்த வேண்டும். தண்ணீர் அழுத்தத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை என்பதால், ஒரு மூட்டு விட்டுப்போனாலும் சில துளிகள் சிந்தி அழுத்தமானியின் முள் இறங்குவதோடு கதை முடியும். அதே இடத்தில் அழுத்தப்பட்ட காற்று இருந்தால் அது வெடிகுண்டு. கொதிகலனைச் செய்தவரே அதற்குச் சான்றிதழ் வழங்கிக்கொள்வது முறையல்ல; அனுபவமுள்ள பரிசோதகர் ஒருவர் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

சிலிண்டர்கள் கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் வார்க்கப்பட்டவை. உட்சுவர்கள் வியக்கத்தக்க அளவு நன்றாக இருந்தன. பிஸ்டன் தண்டுகளில் மட்டும் துருக்குழிகள் விழுந்திருந்ததால், அவற்றுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகில் புதியவற்றை லேத்தில் கடைந்தேன். வால்வு சறுக்கும் முகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டிய நுண்ணிய எமரித் தாளில் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

நேரம் அதிகம் பிடித்தது, சிலிண்டருக்குள் நீராவியை உரிய நேரத்தில் விடும் வால்வை நகர்த்தும் தண்டுகளின் அமைப்புக்குத்தான். இதில் இருப்பது ஸ்டீஃபன்சன் பெயரால் வழங்கும் அமைப்பு. ஒவ்வொரு மூட்டிலும் அதைக் கோக்கும் ஊசி (பின்) தேய்ந்து உண்டான தளர்வு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் என்றாலும், அவை எல்லாம் ஒன்றுகூடி வால்வை வந்தடையும்போது, மொத்தமே சில மில்லிமீட்டர் நகரும் வால்வில் அது பெரும்பங்காகிவிடுகிறது. துளைகளை ரீமர் என்னும் துளை சீராக்கும் கருவியால் சரிசெய்து, ஊசிகள் அனைத்தையும் புதிதாகச் செய்து கடினப்படுத்தினேன். அதன்பின் நீராவிப் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, பிஸ்டன் முன்முனையிலும் பின்முனையிலும் நிற்கும்போது நீராவி புகும் துவாரம் திறக்கும் அளவு ஒன்றாக இருக்கும்வரை வால்வைத் தண்டின்மேல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு சிரமத்துக்குப் பலனும் உண்டு. சீராக அமைந்த வால்வின் தாளத்தைப் புகைபோக்கியருகே நின்றாலே காதால் சரிபார்த்துவிடலாம்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, இருபக்கக் கிராங்குகளும் (தண்டுகள் சக்கரத்தோடு இணையும் முனைகள்) 90 பாகை விலகி நிற்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அது 89½ ஆக இருந்தாலும் எஞ்சின் ஓடும். மூன்று அச்சுகளிலும் அதே 89½ இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இல்லையென்றால் இணைப்புத் தண்டுகள் சுற்றுக்கு ஒருமுறை இறுகும். பெயிண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பக்கத் தொட்டிகளில் பழைய பச்சையையும் முதல் கைவினைஞர் கையால் வரைந்த கோடுகளையும் அப்படியே விட்டுவிட்டேன். கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் பளபளக்கும் சீரமைப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை.

முதலில் குறைந்த அழுத்தக் காற்றில் ஓட்டிப் பார்த்தேன். காற்றில் இனிமையாகச் சுழலும் எஞ்சின் நீராவியிலும் அப்படியே ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. குளிர்ந்த சிலிண்டருக்குள் புகும் நீராவி தண்ணீராகிவிடும். வடிகுழாய்களைத் திறந்து வைக்காமல் கிளப்பினால் அந்தத் தண்ணீர் பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே சிக்கி எதையாவது உடைக்கும். நெருப்பு மூட்டிய நாளில் நான் முதலில் கவனித்தது பாதுகாப்பு வால்வைத்தான். நல்ல தணலும் நெருப்புக்குக் காற்றோட்டம் தர முழுமையாகத் திறந்த புளோயருமாக இருந்தும், அழுத்தம் ஓட்ட அளவைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறாமல் அது வெளியேற்ற வேண்டும். வெளியேற்றியது.

இப்போது மிச்சமிருப்பது இன்ஜெக்டர். 1858-இல் ஆன்ரி ஜிஃபார் உருவாக்கிய அந்தக் கருவி, கொதிகலனின் சொந்த நீராவியைக் கொண்டே அதற்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. இந்தச் சிறிய அளவில் அதன் கூம்புகளின் துளை ஒரு ஊசிமுனையளவே இருப்பதால், இம்மியளவு சுண்ணாம்போ, உறிஞ்சு குழாயில் ஒரு காற்றுக் கசிவோ போதும், அது தண்ணீரை எல்லாம் வழியவிட்டு நின்றுவிட. கூம்புகளைக் கழற்றி அமிலத்தில் போட்டிருக்கிறேன். அது சரியாகும்வரை அச்சினால் இயங்கும் பம்பும், அவசரத்துக்குத் தொட்டிக்குள் இருக்கும் கைப்பம்புமே கொதிகலனுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன.