பச்சைப் புள்ளியை நடுவில் நிறுத்த இரண்டு சோடி காயில்கள்

இது மூன்றாவது வாரம். பழைய ஆஸிலோஸ்கோப்பின் (மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) குழாயைச் சுற்றியிருந்த காந்தத் தடுப்பு உறையைக் கழற்றியதிலிருந்து, எலக்ட்ரான் கற்றை திரையில் படும் பச்சைப் புள்ளிக்குக் காட்பாடியின் திசைகள் தெரிந்துவிட்டன. திரையைப் பாலாற்றுப் பக்கம், தெற்கே வைத்தால் புள்ளி நடுவில் நிற்கிறது. சென்னைப் பக்கம் திருப்பினால் 7 மி.மீ. இறங்குகிறது, ஜோலார்பேட்டைப் பக்கம் திருப்பினால் ஏறுகிறது. காந்த நடுக்கோடு (காந்தப்புலம் முழுக்கக் கிடைமட்டமாக இருக்கும் கோடு) நமக்கு அருகில் இருப்பதால், பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறக்குறையக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கிறது. அதன் போக்கிலேயே செல்லும் எலக்ட்ரானை அது வளைப்பதில்லை. குறுக்கே போவதைத்தான் வளைக்கிறது. 1,000 வோல்ட்டில் விநாடிக்குச் சுமார் 19,000 கி.மீ. வேகத்தில் பாயும் கற்றையை, காம்பஸ் முள்ளைத் திருப்பும் புலம் இழுத்துவிடுகிறது!

மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் கம்பி கேட்டேன். "எந்த மோட்டாருக்கு, தம்பி?" என்றார் பெரியவர். விவரம் சொன்னதும் கம்பியோடு பழைய பாபின்களையும் கொடுத்தார். நூறு சுற்று வீதம் சுற்றி, குழாயின் கழுத்து விரியும் இடத்தில் இடமும் வலமுமாக வைத்தேன். மின்னோட்டத்தைக் கூட்டியதும் புள்ளி நடுவுக்கு வந்தது. குவியக் குமிழைத் திருகினேன், மறுபடி நகர்ந்தது.

புள்ளி திரையின் நடுவில் இருப்பது வேறு, குழாய்க்குள் கற்றையைக் குவிக்கும் மின்வில்லையின் நடுவே அது போவது வேறு. குவியக் குமிழ் மாற்றுவது அந்த வில்லையின் வலிமையைத்தான். ஓரமாக நுழைந்தால் வில்லை குவிப்பதோடு திசையையும் மாற்றிவிடுகிறது. பெரிய துகள் முடுக்கிகளிலும், வில்லையாக வேலை செய்யும் நான்முனைக் காந்தத்தின் வலிமையைச் சற்று மாற்றி, கற்றை நகர்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஜெனீவா அருகே இருந்த 27 கி.மீ. சுற்றளவுள்ள எல்.இ.பி. என்ற முடுக்கி வளையத்தை நிலவின் ஈர்ப்பு 1 மி.மீ. அளவுக்கு நீட்டியபோதே, கற்றை அந்தக் காந்தங்களின் நடுவிலிருந்து விலகி அதன் ஆற்றல் மாறியது.

ஒரு சோடி காயில் கற்றையின் சாய்வை மட்டுமே மாற்றும். இடத்தையும் சாய்வையும் சேர்த்துத் திருத்த இரண்டு சோடி வேண்டும். நேற்று இரண்டாவது சோடியை வில்லைக்குப் பின்னால், எலக்ட்ரான் புறப்படும் முனையருகே பொருத்தினேன். (மின்தேக்கிகளை முழுதும் இறக்கிய பிறகே உள்ளே கை வைக்கிறேன்.) முதலில் பின்சோடியைக் கொண்டு, குமிழைத் திருகினாலும் புள்ளி அசையாதபடி செய்தேன். பிறகே முன்சோடியால் நடுவுக்குக் கொண்டுவந்தேன். வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்வது மற்றதைக் கெடுத்துவிடுகிறது. இப்போது கிழக்கு நோக்கி வைத்துக் குமிழைத் திருகினாலும் புள்ளி விரிகிறது, சுருங்குகிறது. மேலும் கீழும் நகர்வதில்லை.

பக்கவாட்டில் ஒன்றரை மி.மீ. விலகல் மிச்சமிருக்கிறது. பூமிப் புலத்தின் செங்குத்துப் பகுதியின் வேலை அது. மேலும் கீழும் வைப்பதற்கான சோடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நாற்பது சுற்று முடிந்திருக்கிறது.