ஹெரால்டின் ஃபயர்வாலில் மூன்று அங்குலம்

எங்கள் 1965-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் மாருதி ஜிப்ஸியின் எஞ்சினை இறக்கிப் பார்த்த அன்று, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இடம் பிடித்துக்கொண்டன. பழைய கார்புரேட்டர் ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கிறது. அது நேராகப் போய், எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் என்ற தகட்டில் இடித்தது. எஞ்சினை முன்னுக்குத் தள்ளினால் ரேடியேட்டர் ஃபேனுக்கு இடமில்லாமல் போவதோடு, முன் சக்கரங்களின் மீது பாரமும் கூடும். எனவே ஃபயர்வாலை நடுவில் வெட்டி எடுத்து, அந்த இடத்தை மட்டும் மூன்று அங்குலம் உள்வாங்கிக் கட்டுவது என்று முடிவு செய்தோம்.

பழைய கார்களில் வலுவான எஞ்சினை வைத்து வேகமாக ஓட்டும் அமெரிக்க ஹாட் ராட் பிரியர்களுக்கு இது பழகிய தலைவலி. 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு காரில் 1955-இல் வெளிவந்த ஷெவ்ரலேயின் ஸ்மால் பிளாக் வி-8 எஞ்சினை வைக்க விரும்பியவர்கள், அதன் டிஸ்ட்ரிபியூட்டரும் பின்பக்கம் இருந்த காரணத்தால் ஃபயர்வாலைக் குழித்தே ஆக வேண்டியிருந்தது. ஃபோர்டின் சொந்த ஸ்மால் பிளாக்கில் அது முன்பக்கம் இருப்பதால், அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தப் பாடு குறைவு. வேகமாக ஓட்டிப் பார்க்க அவர்களுக்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகள் வாய்த்ததைப் போல நம் ஊர்க்காரர்களுக்குச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம் வாய்த்திருந்தது என்பதை நினைக்கும்போது, வண்டலூர் ஆலையில் பிறந்த ஒரு ஹெரால்டை இப்படி மாற்றுவது அவ்வளவு பெரிய பாவமாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபயர்வால் என்பது எஞ்சினின் சூட்டையும் புகையையும், தீப்பிடித்தால் தீயையும், உள்ளே இருப்பவர்களிடமிருந்து சற்று நேரமாவது தள்ளி வைக்கும் தகடு. ஆனால் அதில் தொங்குகிற சாமான்களைக் கழற்றத் தொடங்கியபோதுதான் அது ஒரு வீட்டுச் சுவரைப் போல எத்தனை வேலைகளைச் சுமக்கிறது என்று புரிந்தது. பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள், பெடல்கள், வைப்பர் மோட்டார், ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங், எல்லாவற்றுக்கும் மேலாக நடுவில் ஒரு தட்டின் மீது பேட்டரி. ஹெரால்டில் மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னால் கவிழ்ந்துவிடும் என்பதால், டயரின் மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வேறு எந்த வண்டியிலும் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

பேட்டரித் தட்டு ஏற்கெனவே பாதி இல்லை. பல ஆண்டுகளாகக் கசிந்த ஆசிட் தகட்டை அப்பளம் போல ஆக்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் மறுபக்கம் போய்விட்டது. அதைப் பார்த்ததும் கிரைண்டரை எடுத்த என்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்திருந்த டிங்கர் மாஸ்டர் தடுத்தார். “மொதல்ல கதவு வாசலுக்குக் குறுக்க பைப் அடிங்க சார், அப்புறம் வெட்டலாம்” என்றார். பாடியைத் தாங்கும் சேஸிஸ் சட்டம் தனியாக இருக்கும் வண்டிதானே என்று நான் அலட்சியமாக இருந்தேன். ஃபயர்வாலை வெட்டிய பிறகு முன்பக்க பாடி சிறிது அசைந்தாலும் கதவின் இடைவெளி மாறிவிடும் என்பதும், பிறகு கதவு ஒருபோதும் சரியாகச் சாத்தாது என்பதும் அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தன. இரண்டு பக்கமும் முக்கால் அங்குலப் பைப்பை வெல்டு செய்த பிறகே கிரைண்டர் ஓடியது. அதற்கு முன்பு பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்தோம். பிரேக் ஆயிலும் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதையும் வடித்தோம். உட்புறம் ஒட்டியிருந்த பழைய அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்ற அச்சத்தில், தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து உரித்தெடுத்தோம்.

வெட்டியெடுத்த துண்டை எறியவில்லை. அதை அளவெடுத்து, காகிதத்தில் படியெடுத்து, எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.

புதிய குழிக்கு ஜி.ஐ. ஷீட் வேண்டாம் என்பதில் மாஸ்டர் உறுதியாக இருந்தார். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் எரிந்து கிளப்பும் புகை, இரவில் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சில்லாத சி.ஆர். ஷீட்டே வாங்கினோம். சிக்கனம் கருதி மெல்லிய 20 கேஜை நான்தான் தேர்ந்தெடுத்தேன் (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்). மிக் வெல்டிங்கில் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி எதிர்மூலையில் என்று மாற்றி மாற்றி வைத்து, தகடு நெளியாமல் மாஸ்டர் அழகாக முடித்துக்கொடுத்தார். எங்கள் கொட்டகை இருக்கும் திருவான்மியூரில் கடற்காற்று ஓர் இரவில் வெற்று இரும்பைச் செம்மண் நிறமாக்கிவிடும் என்பதால், அன்று மாலையே பிரைமர் அடித்தோம்.

மறுநாள் பிரேக்கை அழுத்திய நண்பன், பெடல் ஏதோ பஞ்சை மிதிப்பது போல இருக்கிறது என்றான். ஏர் பிடித்திருக்கிறது என்று எண்ணி இரண்டு முறை பிளீட் செய்து காற்றை வெளியேற்றிப் பார்த்தோம். பயனில்லை. பிறகு அவனை மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் எஞ்சின் பக்கம் குனிந்து மாஸ்டர் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஃபயர்வாலோடு சேர்ந்து அது நான்கைந்து மில்லிமீட்டர் முன்னால் வந்து திரும்பியது. துருப்பிடித்த அந்தப் பேட்டரித் தட்டின் மடிப்புதான் அத்தனை காலமும் தகட்டை விறைப்பாகப் பிடித்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு, மடிப்பில்லாத மெல்லிய தகட்டை நான் வைத்திருக்கிறேன். ஒட்டிய முழுவதையும் பிரித்து, 16 கேஜ் தகட்டில் ஓரங்களை மடித்துச் செய்து, மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் ஓர் ஆங்கிள் இரும்பையும் சேர்த்த பிறகே பெடல் கல்லாக நின்றது. இரண்டு வார வேலை இப்படி நான்கு வாரமானது.

பேட்டரி டிக்கிக்குப் போயிற்று. பெட்ரோல் டேங்குக்கு எதிர்ப்பக்கம் வைத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட்டோம். கியர்பாக்ஸை மூடியிருந்த அழுத்திய அட்டை மூடிக்குப் பதிலாக இரும்பு மூடி செய்தோம். அட்டை தீயைத் தடுக்காது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை அனுமதிப்பதில்லை, 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் 50 ஆண்டைக் கடந்த வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. எனவே இந்த ஹெரால்டு சாலையில் ஓடாது. அதை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோவேன்.

ஃபயர்வாலில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, சென்ற ஞாயிறு இரவு கொட்டகையின் விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சின் பக்கம் ஒரு நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு, மாஸ்டரும் நானும் காருக்குள் அமர்ந்தோம். வெல்டிங் ஓரமெங்கும் இருட்டு. ஸ்டீயரிங் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் கடுகளவு வெளிச்சம் இரண்டு இடத்தில் தெரிந்தது. மாஸ்டர் சாக்பீஸால் அவற்றை வட்டமிட்டார். ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் துளையில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையமான கிராமெட்டைப் போட மறந்திருந்தோம். அதன் வழியே வந்த ஒளி என் முழங்காலில் ஒரு நாலணா அளவுக்கு விழுந்திருந்தது. கிராமெட் வாங்க இந்த வாரம் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும்.